தொலைபேசிக் கணிதர் ஏர்லாங்

கையகத்தே ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு, அதில் ஒரு பெயரைத் தொட்ட அளவில், நூறு காதத்திற்கு அப்பாலுள்ளாரது குரலைக் கேட்பது இன்று எளிய செயலாகிவிட்டது. எளிதாகிவிட்டமையின் அதனைப்பற்றி எண்ணுவார் இலர். அது கிடையாதபொழுதுதான் எண்ணுகின்றோம்.

சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தே, புயல் கரை கடந்த ஓர் இரவில், எமது விடுதி அன்பர் ஒருவர் தம் அன்னையாரோடு பேசுதற்கு மாலை ஆறு மணி முதற்கொண்டு முயன்றார். அவரது ஊர் கடற்கரைக் குப்பம். கைப்பேசியின் முகத்தில் அலைவரிசையைக் காட்டும் கோடுகள் குறைவின்றி இருந்தன. ஆயினும் தடங்கள் யாவும் வேலையாயிருக்கின்றன என்னும் ஒரே குரல்தான் மீண்டும் மீண்டும் வந்தது. ஒருவர் முயன்று கிடையாதாயின் ஐவர் முயன்றால் கிடைக்கும் என்று கருதி, யாமும் எம்முடைய கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு அவ்வெண்ணையே விடாது அழைத்தோம். விடியற்காலை நான்கரை மணிக்கே இணைப்புக் கிடைத்தது.

மறுநாள் உணவு மண்டபத்தில் யாம் இதனைக் குறித்து வெகுண்டு பேசியபோது, பௌதிகம் பயிலும் மூத்த மாணவர் ஒருவர் சிரித்தார். எல்லாரும் ஒருங்கே பேசுதற்கு எந்தத் தொலைபேசி அமைப்பும் கட்டப்படுவதில்லை. நூற்றுக்கு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பலாம் என்பதை முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் கட்டுகின்றார்கள். அக்கணக்கை வகுத்தவர் ஏர்லாங் என்னும் டென்மார்க்கு நாட்டார் என்று அவர் சொன்னார். முன்னரே கணக்கிட்டு மறுப்பதா என்று எமக்குச் சினமே மூண்டது. அச்சினத்தோடுதான் அப்பெரியாரது வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்து முடித்தபோது சினம் வேறொரு பக்கம் திரும்பியது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

அக்னர் கிராருப் ஏர்லாங் என்பார் 1878-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று, டென்மார்க்கின் மேலைப் பகுதியாகிய ஜட்லாந்தில் லோன்போர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் ஏர்லாங் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். திருச்சபையின் எழுத்தர் பணியும் அவரதே. அன்னையார் மக்டலேனா கிராருப் குருமார் பலர் தோன்றிய குடியில் வந்தவர். அக்குடியின் முன்னோருள் ஒருவர் தாமஸ் ஃபிங்கே என்னும் கணிதர். கோண கணிதத்தில் இன்றும் வழங்கும் டாஞ்சென்ட், சீக்கன்ட் என்னும் பெயர்களை 1583-இல் இட்டவர் அவரே. ஆயினும் ஏர்லாங்கின் இல்லத்தில் முன்னோர் பெருமை மிகுந்திருந்த அளவிற்குப் பொருள் மிகுந்திருக்கவில்லை.

இளமையில் அவர் அமைதியான சிறுவர். மாலைப்பொழுதில் தமையனார் மேசைமீது நூலை விரித்துப் படிக்குங்கால், இவர் எதிர்ப்புறம் அமர்ந்து அந்நூலைத் தலைகீழாகவே படித்துச் செல்வாராம். விண்மீன்களிடத்து இவருக்கிருந்த வேட்கை பெரிது. வானத்தைப் பொருளாகக் கொண்டு பாட்டும் புனைந்தார். பிற்காலத்தே எண்களால் உலகறியப்பட்ட ஒருவர் முதலில் யாப்பில் கைவைத்தார் என்பது தமிழ் பயிலும் எம்போல்வார்க்கு மகிழ்ச்சி தருவதே. எம்முடைய கணிதத் தோழர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

பதினான்காம் வயதில் அவர் கோபன்ஹேகன் சென்று பல்கலைக் கழகத்தின் முதனிலைத் தேர்வை எழுதினார். வயது போதாமையின் தனி இசைவு பெறவேண்டியதாயிற்று; தேர்வில் சிறப்புற வெற்றி பெற்றார். பின்னர் ஊர் திரும்பி, தந்தையாரது பள்ளியிலேயே இரண்டாண்டு துணையாசிரியராயிருந்து, பிரெஞ்சும் இலத்தீனும் கற்றார். மகனைப் பல்கலைக் கழகத்திற்கு அனுப்பத் தந்தையாருக்கு விருப்பமிருந்தும் பணமில்லை. ஹிலரோட் என்னும் ஊரிலிருந்த தூரத்து உறவினர் ஒருவர் உணவும் உறையுளும் தந்து உதவ, அங்குள்ள பிரெடரிக்ஸ்போர்க் பள்ளியிற் பயின்று, 1896-இல் நுழைவுத் தேர்வில் தேறி, உதவிச் சம்பளத்தோடு கோபன்ஹேகன் பல்கலைக் கழகத்தில் புகுந்தார். 1901-இல் கணிதத்தைத் தலைப்பாடமாகவும், வானநூல், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைத் துணைப்பாடமாகவும் கொண்டு பட்டம் பெற்றார். அதன்பின் ஏழாண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியப் பணி. அவ்விடைக்காலத்தே பல்கலைக் கழகம் விடுத்த பரிசு வினாவொன்றிற்கு ஹைகன்ஸ் என்னும் பழைய அறிஞரது கணித முறைகளை ஆராய்ந்து எழுதி, 1904-இல் பாராட்டுப் பெற்றார். இங்ஙனமே சென்றிருப்பின், மாணாக்கர் சிலரால் மட்டும் நினைக்கப்படும் நல்லாசிரியராக அவர் மறைந்திருப்பார்.

நிற்க. டேனியக் கணிதர் கழகத்தின் கூட்டங்களுக்கு ஏர்லாங் தவறாது செல்வதுண்டு. ஆங்கு யோஹான் யென்சன் என்பாரோடு பழக்கம் உண்டாயிற்று. யென்சன் பெயரால் வழங்கும் ஒரு சமனின்மையைக் கணித மாணவர் அறிவர்; அவர் பல்கலைக் கழக ஆசிரியர் அல்லர், கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். அக்கம்பெனியின் தலைவர் பிரிட்ஸ் யோஹான்சன் என்பாரும் எண்ணி ஆராயும் இயல்பினர். அழைப்போர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்கின்றது என்பதைக் குறித்துத் தாமே கணக்கிட்டு எழுதியவர். யென்சன் இவரிடம் ஏர்லாங்கை அறிமுகம் செய்துவைத்தார். 1908-ஆம் ஆண்டு, முப்பது வயதில், ஏர்லாங் கம்பெனியிற் சேர்ந்து, புதிதாகத் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

அக்காலத் தொலைபேசி இயங்கிய முறையை இங்குச் சிறிது கூறல்வேண்டும். வீட்டுக்கு வீடு சென்ற கம்பிகள் யாவும் இணைப்பகத்தில் ஒரு பெரும் பலகையில் வந்து முடியும். பலகையின்முன் வரிசையாகப் பெண்டிர் அமர்ந்திருப்பர். அழைப்பவர் யாரோடு பேசவேண்டும் என்று சொல்ல, அப்பெண் ஒரு வடத்தின் முளையை உரிய துளையிற் செருகி இருவரையும் கூட்டிவைப்பாள். வேறோர் இணைப்பகத்தைச் சார்ந்தவரோடு பேசவேண்டின், இரண்டு இணைப்பகங்களுக்கும் இடையே ஓடும் பொதுக்கம்பிகளுள் ஒன்று ஒழிந்திருத்தல் வேண்டும். அப்பொதுக்கம்பிகள் எத்தனை இருத்தல்வேண்டும்? பெண்டிர் எத்துணையர் வேண்டும்? மிகுதியாக இட்டால் செம்பும் சம்பளமும் வீண். குறைவாக இட்டால் மக்கள் காத்துக் காத்துச் சலிப்பர். யோஹான்சன் ஏர்லாங்கின்முன் வைத்தது இவ்வினாவே. இன்று உலகெங்கும் நிற்கும் கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றின் அடியிலும் கிடப்பதும் இவ்வினாவே.

1909-ஆம் ஆண்டு அவர் தம் முதற் கட்டுரையை ஒரு டேனியக் கணித இதழில் வெளியிட்டார். அழைப்பவர் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் அழைத்தல் மற்றொருவர் அழைத்தலைத் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. முற்றத்துக் கல்லின்மீது தூறல் விழுங்கால் அடுத்த துளி எங்கு விழும் என்று கூறல் இயலாது. எனினும் ஒரு நொடியில் ஒரு கல்லின்மேல் எத்தனை துளி விழுதல் கூடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டன்றோ? அத்தகைய நிகழ்வுகளுக்குப் பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் முன்பே ஒரு விதி கூறியிருந்தார். தொலைபேசி அழைப்புக்கள் அவ்விதியின்படியே வருகின்றன என்பதை ஏர்லாங் நிறுவினார். ஒவ்வொருவர் விருப்பமும் அவரவர்க்கே உரியதாயிருக்க, ஊராரின் விருப்பம் ஒரு விதிக்கு அடங்கிற்று.

1917-இல் வந்த கட்டுரையே அவருடைய புகழுக்கு நிலைக்களம். அதன் உட்கருத்தை எம்மால் இயன்றவரை கூறுவாம். ஓர் ஏரிக்கு வரத்துக்காலும் உண்டு, மதகும் உண்டு. மழையும் பாசனமும் ஒருவாறு ஒத்து நிற்குங்காலத்தே நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் ஒரு நிலையைச் சார்ந்தே நிற்கும். வேலையிலுள்ள கம்பிகளின் தொகையும் அத்தகையதே: புதிய அழைப்பு ஒன்று வர அது ஒன்றால் ஏறுகின்றது, பேச்சொன்று முடிய ஒன்றால் இறங்குகின்றது. நான்கிலிருந்து ஐந்திற்கு ஏறும் வேகமும் ஐந்திலிருந்து நான்கிற்கு இறங்கும் வேகமும் நெடுநாள் நோக்கில் ஒத்திருத்தல் வேண்டும் என்று சமன்செய்து, எல்லாக் கம்பிகளும் நிறைந்திருக்கும் வேளை நூற்றில் எத்தனை பங்கு என்பதை அவர் ஒரு சூத்திரத்தால் வரையறுத்தார். அவ்வேளையில் வந்து அழைப்பவரே ஏமாறித் திரும்புபவர். மறுக்காமற் காத்திருக்கவைக்கும் முறைக்கும் வேறொரு சூத்திரம் கண்டார்.

ஒரு கம்பி ஒரு மணி நேரம் ஓயாது பேச்சில் இருந்ததாயின் அவ்வளவு போக்குவரத்தை ஓர் ஏர்லாங் என்று இன்று அளக்கின்றார்கள். மும்மூன்று நிமிடப் பேச்சு இருபது சேர்ந்தால் ஓர் ஏர்லாங். ஒரு மணியில் அத்தகைய பேச்சு அறுபது வருமிடத்து, அதாவது 3 ஏர்லாங் வருமிடத்து, 5 கம்பிகள் இருந்தால் நூற்றுக்குப் பதினொருவர் திரும்பவேண்டிவரும். பேச்சையும் கம்பியையும் இரட்டித்து, 120 அழைப்பும் 10 கம்பியுமாக ஆக்கினால், திரும்புவோர் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரே. இன்னும் ஒருமுறை இரட்டித்து 240 அழைப்பிற்கு 20 கம்பி வைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆளுக்கு இத்தனை கம்பி என்ற வீதம் மாறவே இல்லை. பலர் ஒன்றாய்க் கூடிப் பொதுவில் ஆளுவதனாலேயே குறை இங்ஙனம் தேய்ந்துபோகின்றது. எமது விடுதியில் குளியலறைகளை மாடிக்கு மாடி பிரித்துப் பூட்டிவைத்திருக்கும் முறையை இச்சூத்திரத்தைக் காட்டி மாற்றவேண்டும் என்று யாம் விடுதிக் காப்பாளருக்கு விண்ணப்பம் எழுத எண்ணியதுண்டு. இன்னும் எழுதவில்லை.

இச்சூத்திரத்தைப் பிரிட்டிஷ் தபால் இலாகா தன் தொலைபேசிகளுக்கு மேற்கொண்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஒருவர் இவருடைய கட்டுரைகளை மூலத்திற் படிக்கவேண்டியே டேனிய மொழியைக் கற்றார் என்பர். சொற்சுருக்கத்தில் ஏர்லாங் நம் சூத்திர ஆசிரியர்களுக்குத் தாழ்ந்தவர் அல்லர். பல இடங்களில் முடிவை மட்டும் கூறிவிட்டு, அதற்கு வந்த வழியைக் கூறாது விட்டிருக்கின்றார். உரையாசிரியர்களுக்கு அதனால் வேலை மிகுந்தது.

அவர் அறையில் அமர்ந்து எண்களை மட்டும் பார்த்திருந்தவர் என்று கருதற்க. ஆய்வுக்கூடத்திற்குத் தொடக்கத்தில் உதவியாளர் இலர். பூமிக்குள் ஓடும் தொலைபேசி வடங்களில் புறமின்சாரம் கசிந்து கெடுதல் செய்வதை அளக்க வேண்டியிருந்தபோது, ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் உடன்வர, கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, மூடியைத் திறந்து குழிகளுக்குள் இறங்கித் தாமே அளந்தார். தாடியும் அடக்கமுமாய்க் குழிக்குள்ளிருந்து ஏறிவரும் அவரைக் கண்ட வழிப்போக்கர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திராது.

அவர் மணஞ்செய்துகொள்ளவில்லை. கூட்டங்களிற் பேசுவதினும் கேட்பதே அவருக்கு விருப்பம். கணிதமும் வானநூலும் பௌதிகமும் நிறைந்த பெரிய நூலகம் ஒன்றைத் தம் இல்லத்திற் சேர்த்து வைத்திருந்தார். வறியவர் பலர் அவரைத் தேடி ஆய்வுக்கூடத்திற்கே வருவர். வந்தவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கொடுத்ததைப் பிறர் அறியாவண்ணம் கொடுப்பார். நூற்றுக்கு இத்தனை பேர் திரும்பிச் செல்லலாம் என்று கணக்கிட்ட அறையின் வாயிலிலேயே இது நிகழ்ந்தது என்பதை யாம் படித்தபோது நூலைச் சிறிது மூடிவைத்தோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நோயென்று ஒருநாளும் விடுப்பெடாது உழைத்த அவர், 1929-ஆம் ஆண்டு சனவரியில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள மருத்துவமனை புகுந்தார். பிப்ரவரி 3-ஆம் நாள் ஞாயிறன்று காலமானார். வயது ஐம்பத்தொன்று. 1946-இல் பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு அவருடைய பெயரையே போக்குவரத்தின் அளவைக்குச் சூட்டியது. அவர் பணிசெய்த கம்பெனி 1948-இல் அவருடைய வாழ்வையும் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக்கியது. 1986-இல் ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் துணைவர் இருவரும் தொலைபேசி இணைப்பகங்களை இயக்கும் பொருட்டு ஒரு கணினி மொழியை ஆக்கத் தொடங்கியபோது, அதற்கும் ஏர்லாங் என்றே பெயரிட்டனர். எப்பகுதியும் ஒருநாள் பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்டு, பழுதான சிறுபகுதியை மட்டும் மடியவிட்டு, அதனைக் காத்துநிற்கும் மற்றொரு பகுதி உடனே மீண்டும் எழுப்புவது அம்மொழியின் நெறி. வாட்ஸ்அப் செய்திகளைச் சுமக்கும் கணினிகள் இயங்குவதும் அம்மொழியில்தான். வானத்தைப் பாடிய லோன்போர்க்குச் சிறுவரின் பெயர் நம் பாட்டியர் அனுப்பும் காலை வணக்கத்தின் அடியிலும் இருக்கின்றது.

இனிக் கைப்பேசிக்கு வருவாம். நிலத்தைச் சிறு சிறு வட்டங்களாகப் பகுத்து, வட்டத்திற்கு ஒரு கோபுரம் நிறுத்தி, ஒவ்வொன்றிற்கும் சில அலைத்தடங்களை ஒதுக்குவது கைப்பேசி முறை. இரண்டாம் தலைமுறை முறையில் ஓர் அலைவரிசையை எட்டுக் கூறாக்கி, பெரும்பாலும் ஏழினைப் பேச்சிற்கும் ஒன்றனைக் கட்டுப்பாட்டிற்கும் வைத்தனர். நூற்றுக்கு இருவர் திரும்பலாம் என்று கொண்டால், 7 தடங்கள் சுமக்கத் தக்கது 2.94 ஏர்லாங் என்பது 1917-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின் விடை. நெருக்கடியான ஒரு மணியில் ஒருவர் ஒன்றரை நிமிடம் பேசுவார் என்று வைத்தால், அது 117 பேருக்குப் போதும்.

ஆயினும் ஏர்லாங்கின் கம்பி ஓரிடத்தில் நிற்பது. கைப்பேசியை உடையவரோ நடப்பவர், பேருந்தில் செல்பவர். பேசிக்கொண்டே ஒரு வட்டத்தினின்று அடுத்த வட்டத்திற்குட் புகும்போது அங்கே தடம் ஒழிந்திராவிட்டால், பேச்சு நடுவே அறுந்துபோகும். தொடங்காத பேச்சினும் அறுந்த பேச்சு மனத்தை மிக வருத்துமாதலின், வந்து புகுவோர்க்கென்று ஓரிரு தடங்களை ஒதுக்கிவைப்பதுண்டு; அதனால் புதிதாக அழைப்பவர் சிறிது கூடுதலாக ஏமாறுவர். மின்கலம் தீர்தல், கோபுரத்து மின்சாரம் நிற்றல், கணினி நிரல் பழுதாதல் முதலியவற்றையும் கூட்டிக்கொள்க. நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்கும் அமைப்பு என்று கேட்குங்கால் நன்றாய்த் தோன்றும். அஃது ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் இயங்காது என்பதே அதன் பொருள். 99.999 பங்கு என்றால்தான் ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடம். மேலும், இணையத்தின் வழியே செல்லும் தரவுகள் மழைத்துளிபோல் வருவதில்லை, கூட்டங் கூட்டமாக வந்து நெடுநேரம் நெரிக்கின்றன என்று 1990-களின் முற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அளந்து காட்டியபின், புவாசோன் விதியை எங்கும் கையாளலாம் என்ற நம்பிக்கையும் தளர்ந்தது.

எமது சினம் திரும்பிய பக்கம் யாதெனின், இங்குக் கூறுவாம். ஏர்லாங் மறுப்பை விரும்பியவர் அல்லர். மறுப்பு எங்கும் இருந்தது. அதனைத் திட்டமாக அளக்காதவரை யாரையும் கேட்கவும் இயலாது. நன்றாக இயங்குகின்றது என்று கம்பெனி சொல்லும். இல்லை என்று அழைப்பவர் சொல்வார். அழைப்பவர் நிற்குமிடத்தில் நின்று எண்ணி, அதனை ஒரு சதவீதமாக்கித் தந்தவர் அவரே. 2009-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பேச்சுத்தட நெரிசல் நூற்றுக்கு 2-க்கு மிகலாகாது, அறுந்துபோகும் பேச்சும் 2-க்கு மிகலாகாது என்று விதித்தபோது அது பேசியது ஏர்லாங்கின் மொழியே. ஆனால் அவ்வளவைகளை ஒரு மாகாணம் முழுமைக்கும் சராசரியாகப் பார்த்தனர். நகரத்துக் கோபுரங்கள் பெற்ற நன்மதிப்பில் கடற்கரைக் குப்பத்துக் கோபுரம் மறைந்துகொள்ள இடமிருந்தது. 2017-இல் ஆணையம் இக்குறையைக் கண்டு விதியைத் திருத்தியது: பேச்சு அறுதலைப் பொறுத்தமட்டில், நூற்றுக்குத் தொண்ணூறு கோபுர வட்டங்களேனும், நூற்றுக்குத் தொண்ணூறு நாட்களிலேனும், 2 சதவீத அளவிற்குள் நிற்றல்வேண்டும் என்றது. முன்னதினும் இது மிக நேர்மையான அளவை. எனினும் எஞ்சிய பத்து நாட்கள் எவை என்று விதி கேட்கவில்லை. புயல் நாள் அப்பத்தினுள்ளேதான் கிடக்கும்.

சூத்திரத்திற்கும் அந்நாள் அகப்படாது. ஒருவர் அழைத்தல் மற்றொருவரைத் தூண்டுவதில்லை என்பது அதன் அடிப்படை. புயலிரவில் ஒரே அச்சம் எல்லாரையும் தூண்டுகின்றது. திரும்பியவர் திரும்பியே போய்விடுவார் என்பது மற்றோர் அடிப்படை. அன்று எவரும் திரும்பிப் போகவில்லை. மறுக்கப்பட்ட ஒவ்வோர் அழைப்பும் அடுத்த நொடியில் மீண்டும் வந்து தடத்தைத் தட்டிற்று. ஐவர் முயன்றால் கிடைக்கும் என்று விடுதியில் அமர்ந்து ஓயாது அழைத்த யாமும், அன்பரது அன்னையாரைச் சுற்றி வேலியடைத்தவருள் ஐவர். அவர்கள் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்கியிருந்தார்கள். அம்மா மாலை ஏழு மணியிலிருந்தே மகனை அழைத்துக்கொண்டிருந்தார்களாம்.